டெஸ்க்டாப் இருந்தால் நீங்கள்

சோமசேகரத்தாரின் மேல்மாடி அச்சகத்தில் கொம்பியூட்டர் ஒன்று, அதற்கு ஆட்கள் இரண்டு. காலையில் ஜெயசுதன், மத்தியானத்துக்குப் பிறகு கஜானி. "ஒரு கதிரையிலை ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்தானே இருக்கலாம், பேந்தென்னத்துக்கு ரெண்டு பெட்டி?" என்பது முதலாளியின் கட்சி. அவரோடு வாதாடி வென்ற ஆள் மானிப்பாய்ச் சந்தியில் இன்னும் பிறக்கவில்லை.

அச்சகத்தின் வேலை பெரும்பாலும் சாவோடுதான். மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பு, நினைவு மலர், இடையிடையே வாய் இனிக்க ஒரு கலியாணக் கார்ட். இறந்தவரின் மங்கிப்போன படத்தைத் துலக்கி, பின்னால் ஒரு வானத்தை விரித்து, எழுத்தை அழகாகக் கோப்பது ஜெயசுதன். அதை இணையத்தில் ஏற்றி, கனடாவுக்கும் பாரிசுக்கும் அனுப்பி, அந்தக் கொம்பியூட்டரின் சுகதுக்கம் முழுவதையும் கவனிப்பது கஜானி. அவளுக்குக் கண் தெரியாது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கின வயதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அதைப் பற்றி அவள் பெரிதாகக் கதைப்பதில்லை, நாமும் விட்டுவிடுவோம்.

கஜானி வந்து உட்கார்ந்தால் முதல் வேலை மொனிட்டரை அணைப்பது. அவளுக்கு எதற்கு வெளிச்சம்? படமும் இல்லை, சுட்டிக் காட்ட அம்புக்குறியும் இல்லை, வெறும் எழுத்து மட்டும் ஓடுகிற கறுப்புத் திரைக்கு ஒரு விசையை அழுத்திப் போய்விடுவாள். அவள் கட்டளையைத் தட்ட, ஹெட்போனுக்குள் ஒரு குரல் மூக்கால் வாசிக்கும். அந்தக் குரலைக் கேட்டால் தடிமன் பிடித்த பூசகர் மந்திரம் சொல்வது மாதிரி இருக்கும் என்று ஜெயசுதன் சிரிப்பான்.

அச்சுக்குப் போகுமுன் எதையும் உரத்து வாசிப்பது அங்கே வழக்கம். மரண அறிவித்தலில் ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் அடுத்த தலைமுறை வரைக்கும் கதைபேச்சில்லாமல் போகும் என்பது யாழ்ப்பாணத்தில் தொழில் செய்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் சோமசேகரத்தார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காற்புள்ளி முற்றுப்புள்ளியோடு, கோயிலில் தேவாரம் பாடுகிற தொண்டையில் வாசிப்பார். கஜானி கேட்டுக்கொண்டிருந்து, "மேலை நாலு மருமக்கள் எண்டீங்கள் ஐயா, கீழை மூண்டு பேர்தான் வந்திருக்கினம்" என்று பிடிப்பாள்.

இனி ஸ்கிரிப்ட் கதைக்கு வருவோம். ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் வெளிநாட்டுப் பிள்ளைகளின் ஈமெயில் நேரகாலம் பார்க்காமல் வரும். அது வந்ததும் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிற ஆளுக்குச் சொல்ல நாலைந்து கட்டளைகளைக் கோத்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினாள் கஜானி. தானாகவே அடிக்கடி எழும்பி, அஞ்சலைப் பார்த்து, ஏதாவது இருந்தால் சொல்லிவிட்டுப் படுத்துவிடும். சொல்வதென்றால் எப்படிச் சொல்வது? அங்கேதான் சிக்கல். குரலில் சொன்னால் ஜெயசுதனுக்குப் போய்ச் சேராது. அவன் காதில் எந்நேரமும் பாட்டு. திரையில் ஒரு பெட்டியாகக் காட்டினால் அவளுக்குப் பிரயோசனம் இல்லை.

"அப்ப என்ன செய்யப்போறீர்?" என்று அவன் கேட்டான். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"நீங்கள் வேலை செய்யிற படத்திரை, அந்த டெஸ்க்டாப், ஓடுதோ எண்டு அதையே பாக்கச் சொல்லப்போறன். இருந்தா பெட்டி, இல்லாட்டிக் குரல்."

முதலில் எழுதினது சரிவரவில்லை. தன்னை ஓட்டுகிறவரின் குறிப்புகள் அடங்கிய சூழலில் திரையின் பெயர் ஏதும் குறித்திருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் பார்க்கும்படி எழுதியிருந்தாள். ஜெயசுதனின் டெஸ்க்டாப்பில் வைத்து அவன் கையால் ஓட்டிப் பார்த்தபோது பெட்டி அழகாக வந்தது. தானாக ஓட விட்டால், அவன் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே "திரை இல்லை" என்று சாதித்தது. தானாக எழும்பி ஓடுகிற ஸ்கிரிப்டுக்கு எவருடைய சூழலும் கூட வராது. கையில் ஒன்றும் இல்லாமல் பிறந்து, கேட்டதைச் செய்துவிட்டுச் சாகிற பிறவி அது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு பேரும் ஒரு பின்னேரம் முழுக்க மண்டையை உடைத்தார்கள். கஜானிக்கு அந்தப் பின்னேரம் முடியாமல் நீண்டால் நல்லது என்றிருந்தது.

பிறகு வழியை மாற்றினாள். ஓடிக்கொண்டிருக்கிற வேலைகளின் நடுவே டெஸ்க்டாப்பின் தாய் நிரல் இருக்கிறதா என்று தேடச் சொன்னாள். இருந்தால் பெட்டி, இல்லாவிட்டால் குரல். அது பிசகாமல் வேலை செய்தது.

"அப்ப இந்தக் கொம்பியூட்டருக்கு நாங்கள் ரெண்டு பேரும் ஆரெண்டு வடிவாத் தெரியும்" என்றான் அவன்.

"ஒண்டும் தெரியாது. டெஸ்க்டாப் இருந்தா நீங்கள், இல்லாட்டி நான். அவ்வளவுதான் அதின்ரை அறிவு."

அவன் வெகுநேரம் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் இரவு முழுக்க வைத்திருந்தாள் என்பதை அவளிடம் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது. மத்தியானம் வேலையை முடித்ததும் அவன் லொக் அவுட் செய்து டெஸ்க்டாப்பை மூடுவான். மேசையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவான். "நான் விட்டிட்டன், இனி உம்முடையது" என்று அர்த்தம். அந்தத் தட்டைக் கேட்ட பிறகுதான் அவள் கதிரையில் உட்காருவாள். இடையிலே ஏதாவது சொல்ல இருந்தால் அவன் வீட்டில் இருந்து அச்சக விலாசத்துக்கு ஒரு வரி அனுப்புவான். முன்னால் அவள் பெயரைப் போடுவான். மற்ற அஞ்சலைப் போல ஸ்கிரிப்ட் அதையும் அவள் காதுக்குள் வாசிக்கும். "கஜானி, மழை வரப்போகுது, வெள்ளனப் பஸ் எடும்." "கஜானி, அலுமாரிக்கு மேலை கடலை வடை வைச்சிருக்கிறன்." மூக்கால் பேசுகிற குரல் வடை என்று சொன்னாலும் அவளுக்கு இனித்தது.

போனில் அனுப்பினால் என்ன என்று கேட்பீர்கள். கஜானியின் போனும் வாய்விட்டு வாசிக்கிற போன்தான். சண்டிலிப்பாயில் அவள் வீட்டில் அது மேசையில் கிடந்து வாயைத் திறந்தால் அம்மாவும் தங்கச்சியும் அடுக்களைவரை கேட்பார்கள். அச்சகத்து ஹெட்போன் ஒன்றுதான் இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்த தனி இடம். நேரே நின்று சொல்லலாமே என்றால், ஜெயசுதன் நேரே நின்று தேத்தண்ணிகூடக் கேட்கத் தெரியாத பிறவி.

இந்த நேரத்தில்தான் கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பனி அவனை வேலைக்குக் கூப்பிட்டது. நல்ல வேலை. எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். கஜானியும் சந்தோசப்படுகிறவள் மாதிரிச் சிரித்தாள்.

கடைசி நாளான திங்கட்கிழமை மத்தியானம் சோமசேகரத்தார் ரோல்சும் பிளேன்ரீயும் வாங்கி வந்து, தம்பி இப்படிப்பட்டவன் அப்படிப்பட்டவன் என்று ஒரு பேச்சும் பேசினார். அவர் பேச்சில் பாதி மரண அறிவித்தலில் வருகிற வாசகம். வாய்க்கு அதுதான் பழக்கம். ஜெயசுதன் எழும்பின விதத்திலேயே அவன் நிலை சரியில்லை என்று கஜானிக்குத் தெரிந்தது. கதிரை கிரீச்சிட்டது. மேசையில் இரண்டு தட்டு விழுந்தது. பிறகு அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"வீட்டை போய் ஒண்டு அனுப்புவன்" என்றான், குரலைத் தாழ்த்தி. "ஹெட்போனைக் கழட்டாமல் இரும். புதன்கிழமை பின்னேரம்தான் பஸ்."

"ஓம்" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் வந்திருந்தால் அழுகையும் சேர்ந்து வந்திருக்கும்.

அன்று பின்னேரம் முழுக்க ஹெட்போனைக் கழற்றவில்லை. ஒன்றும் வரவில்லை. யோசிக்கிறான் போல என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமையும் காது சூடேறும்வரை மாட்டிக்கொண்டிருந்தாள். மழையைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை. புதன்கிழமை வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு விளங்கிவிட்டது. ஆள் மனம் மாறிவிட்டான். கண் தெரியாத பெட்டையோடு எதற்கு வில்லங்கம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அல்லது அவனுக்கே தோன்றியிருக்கும். தோன்றினால் பிழையா? பிழை இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நெஞ்சு கேட்கவில்லை.

அஞ்சலைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தானாக வராத ஒன்றைப் போய்த் தட்டிப் பார்க்க அவளுடைய மானம் விடவில்லை. மானம் பொல்லாதது. எத்தனை பேருடைய வாழ்க்கையை அது வாசலிலேயே வைத்துக் கெடுத்திருக்கிறது.

மூன்றரைக்குமேல் இருக்கும், சோமசேகரத்தாரின் போன் அடித்தது. ரொறொன்ரோவில் இருந்து ஒரு பெண். அவர் காதில் இருந்து எட்டத்தில் பிடித்தும் குரல் அறை முழுக்கக் கேட்டது. புத்தூர் ஆழ்வாப்பிள்ளை காலமாகிவிட்டார், மகளான தான் நேற்றே விபரம் அனுப்பியும் இன்னும் ஒரு பதில் இல்லை, ஊரெல்லாம் கேட்கிறது, நாளைக்குத் தகனம்.

"வரேல்லைத் தங்கச்சி... இல்லையம்மா, சத்தியமா வரேல்லை... பொறுங்கோ, பாக்கிறன்." போனை வைத்துவிட்டு அவர் திரும்பினார். "என்ன பிள்ளை, உன்ரை மூக்குக் குரல்காரன் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"வந்திருந்தா எனக்குச் சொல்லியிருக்கும் ஐயா. ரெண்டு நாளா ஒண்டுமே..."

சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். இரண்டு நாளாக ஒன்றுமே இல்லை. ஒரு சாவு இல்லை, ஒரு கலியாணம் இல்லை, விளம்பரக் குப்பைகூட இல்லை. இந்த வலிகாமப் பகுதியில் அப்படி ஒரு நாள் வந்ததுண்டா? அவள் விரல்கள் விசைப்பலகைக்குப் போயின. இந்தக் கொம்பியூட்டருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிற கட்டளை சின்னஞ்சிறியது. தட்டினாள். மூக்குக் குரல் முதலில் அவள் பெயரை வாசித்தது. பிறகு ஜெயசுதனின் பெயரை வாசித்தது.

அவன் போகவில்லை. திங்கட்கிழமை கண்கலங்கி எழும்பினவன் மேசையில் தட்டினான், ஆனால் லொக் அவுட் செய்யவில்லை. அவளோ தட்டை நம்பிக் கதிரையில் உட்கார்ந்து, தன்னுடைய கறுப்புத் திரைக்குத் தாவிவிட்டாள். இரண்டு நாளாக அவனுடைய டெஸ்க்டாப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஸ்கிரிப்டும் பாவம், எழும்பி எழும்பிப் பார்த்து, டெஸ்க்டாப் இருக்கிறது, அப்படியென்றால் முன்னால் இருப்பது ஜெயசுதன் என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக அவனுடைய திரையில் காட்டியிருக்கிறது.

"ஐயா, அந்த மொனிட்டரைப் போடுங்கோ."

விசையை அழுத்தி அவனுடைய டெஸ்க்டாப்பை முன்னுக்குக் கொண்டுவந்தாள். சோமசேகரத்தார் கொம்பியூட்டரைத் தொடுவதென்றால் கரண்ட் அடிக்கும் என்று பயப்படுகிறவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"பெட்டிக்கு மேலை பெட்டி நிக்குது பிள்ளை. இந்தா, இதுதான் புத்தூர்." கைப்பழக்கம், வாய்ப்பழக்கம், உடனே வாசிக்கத் தொடங்கினார். "புத்தூரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட காற்புள்ளி ஆழ்வாப்பிள்ளை அவர்கள்..." முடித்துவிட்டு அவள் சொன்னபடி அந்தப் பெட்டியை மூடினார். அடியில் இருந்தது மேலே வந்தது. அதே தேவாரத் தொண்டையில் அதையும் தொடங்கினார்.

"கஜானி காற்புள்ளி நேரே நிண்டு கேக்க எனக்குத் துணிவில்லை முற்றுப்புள்ளி நான் கொழும்புக்குப் போகட்டோ காற்புள்ளி இல்லாட்டி இஞ்சையே நிக்கட்டோ கேள்விக்குறி"

அங்கே நின்றார். கீழே தெருவில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"இது..." என்று தொண்டையைச் செருமினார். "இது மரண அறிவித்தல் இல்லைப் பிள்ளை."

"வாசியுங்கோ ஐயா."

"நானோ?"

"இஞ்சை வேறை ஆர் இருக்கினம்?"

அவர் மிச்சத்தை வாசித்தார். இந்தமுறை காற்புள்ளியும் இல்லை, தேவாரமும் இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து கதைக்கிற மாதிரிக் கதைத்தார். "உம்மை விட்டிட்டு எனக்கு அங்கை ஒரு வேலையும் ஓடாது. போகாதேங்கோ எண்டு நீர் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், நான் நிண்டிடுவன். ஒண்டும் சொல்லாட்டி, போகச் சொல்லுறீர் எண்டு எடுத்துக்கொள்ளுவன். பேந்து உம்மைக் குழப்பமாட்டன்."

"இன்னும் இருக்கோ ஐயா?"

"பக்கத்திலை இன்னொண்டு நிக்குது. இண்டைக்குக் காலமை வந்திருக்கு." அதையும் அதே தணிந்த குரலில் வாசித்தார். "சரி, விளங்கீட்டுது. கொழும்புக்குப் போட்டு வாறன். இவ்வளவுதான் எழுதியிருக்கிறான் பிள்ளை."

கஜானி அழுதாள். மறைக்காமல், ஹெட்போன் கழுத்தில் தொங்க, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தி அழுதாள். சந்தோசம் ஒருபக்கம். தன் மேலேயே வந்த கோபம் மறுபக்கம். "டெஸ்க்டாப் இருக்கோ எண்டு கேக்கத்தான் அதுக்குப் பழக்கினன் ஐயா. அதுக்கு முன்னாலை ஆர் இருக்கினம் எண்டு கேக்கப் பழக்கேல்லை."

அவருக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மணிக்கூடு விளங்கியது. "உந்த அழுகையைப் பேந்து வைச்சிரு. அவனுக்கு அடி."

"புத்தூர் அறிவித்தல்..."

"செத்தவர் பொறுப்பார் பிள்ளை. பஸ் பொறுக்காது."

அவள் போனை எடுத்து அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான்.

"கஜானியோ? சொல்லும். கையிலை சாமான், ஸ்பீக்கரிலை போட்டிருக்கிறன். அம்மாவும் சித்தியும் நிக்கினம்."

நாக்கு நுனிவரை வந்தது அப்படியே திரும்பிப் போனது. அம்மாவும் சித்தியும் நிற்கிற சபையில் ஒரு பெட்டை எதைச் சொல்லலாம்?

"உங்கடை டெஸ்க்டாப் இன்னும் திறந்தபடி கிடக்குது" என்றாள். "வந்து லொக் அவுட் பண்ணிப்போட்டுப் போங்கோ."

"இப்பவோ? ஐயாவைக் கொண்டு மூடலாமே."

"ஏலாது. பாஸ்வேர்ட் வேணும். நீங்கள்தான் வரவேணும்."

இது பச்சைப் பொய். அந்தக் கொம்பியூட்டரின் முழு அதிகாரமும் அவள் கையில்தான் இருந்தது. நினைத்தால் ஒரே வரியில் எவரையும் வெளியே தள்ளலாம். அது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அவனுக்கும் தெரியும். இது பாஸ்வேர்டுக்கான அழைப்பு இல்லை என்பது அதிலேயே அவனுக்குப் பிடிபட்டது.

"வாறன்" என்றான்.

அவன் வரும்வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் அவள் ஸ்கிரிப்டைத் திறந்தாள். டெஸ்க்டாப் ஓடுகிறதா என்று கேட்ட வரியை அழித்தாள். உள்ளே வருகிறவர் போகிறவர் கணக்கை வைத்திருக்கிற நிரல் ஒன்று உண்டு. இந்தக் கணத்தில் முன்னுக்கு இருப்பது யாருடைய அமர்வு என்று அதனிடம் கேட்கும்படி எழுதினாள். படமுள்ளது என்றால் பெட்டி, வெறும் எழுத்து என்றால் குரல். முதல் நாளே இப்படி எழுதியிருக்க வேண்டும். அவசரத்தில் பாதி எழுத்துப் பிழைத்து, திரும்பத் திரும்ப அடித்தாள். அவனுடைய டெஸ்க்டாப்பை மட்டும் மூடவில்லை. அது இருக்கட்டும்.

மோட்டார் சைக்கிள் கீழே வந்து நின்றது. சோமசேகரத்தார் சடக்கென்று எழும்பினார். "நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்றார். குடித்த கோப்பை இன்னும் அவர் மேசையில் சூடாறாமல் இருந்தது. படியில் அவர் இறங்க, இன்னொரு காலடி ஏறி வந்தது. பாரமான பையோடு ஏறுகிற காலடி. நேரே பஸ்ஸுக்குப் போகிற ஆயத்தத்தோடுதான் வந்திருக்கிறான்.

வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"பாஸ்வேர்ட் வேணுமெண்டீர்."

"ஓம்."

"நீர் நினைச்சா ஒரு வரியிலை என்னை வெளியிலை அனுப்பலாமே."

"அனுப்பலாம்."

"பேந்தேன் அனுப்பேல்லை?"

பதிலை அவனுடைய திரைக்கே ஒரு பெட்டியாக அனுப்பலாம் என்று அவன் வரும்வரைக்கும் யோசித்து வைத்திருந்தாள். ஸ்கிரிப்டும் இப்போது திருந்திவிட்டது. ஆனாலும் இதை எந்த ஸ்கிரிப்டிடமும் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். கதிரையைக் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"எனக்கு முன்னாலை இப்ப ஆர்?" என்று கேட்டாள்.

"என்ன கேள்வி இது? நான்தான். ஜெயசுதன்."

"வேறை ஒருத்தரும் இல்லையோ?"

"ஐயா கீழை இறங்கிப் போட்டார். ஒருத்தரும் இல்லை."

"அப்ப கேளுங்கோ. நீங்கள் கேட்டது எனக்கு இப்பத்தான் வந்தது. ரெண்டு நாளும் அது உங்கடை திரையிலேயே நிண்டிருக்கு." மூச்சை ஒருமுறை இழுத்துக்கொண்டாள். "போகாதேங்கோ."

வாசலில் எதுவோ பாரமானது நிலத்தில் மெதுவாக வைபடுகிற சத்தம் கேட்டது. பையை இறக்கிவிட்டான். பிறகு பக்கத்தில் வந்து, பழைய முக்காலியைத் தேடினான் போல, அது அங்கே இல்லை, நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் அழுகிறான் என்பது மூச்சில் தெரிந்தது. அவள் கையை நீட்டினாள். முதலில் தலைமயிர் தட்டுப்பட்டது, பிறகு அவன் கை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

"பிள்ளை!" கீழேயிருந்து சோமசேகரத்தாரின் தேவாரத் தொண்டை. "புத்தூர் அறிவித்தல் என்ன மாதிரி? அந்தப் பிள்ளை திரும்பவும் அடிக்குது!"

"நான் கோக்கிறன் ஐயா!" என்று கத்தினது ஜெயசுதன்.

கீழே எதுவோ இழுபடுகிற சத்தம் கேட்டது. படிக்குப் படி இடித்து இடித்து, முனகி முனகி, சோமசேகரத்தார் மேலே அந்தக் கொம்பியூட்டருக்கு இரண்டாவது கதிரையைக் கொண்டு வந்துகொண்டிருந்தார்.